நாற்காலியிலிருந்து ஐந்து முறை

பிரேக்கை மிதித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மதியம் ஒன்றரை மணி. ஈஜோக்கில் பள்ளி விட்டு, பதினோரு பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு கோல சிலாங்கூர் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று சிவப்பு விளக்கில் நின்றது. நான் காலை எடுத்துப் பிரேக்கில் வைத்தேன். வேன் நிற்கவில்லை. குனிந்து பார்த்தால், என் வலது கால் ஆக்சிலேட்டர் மேலேயே கிடந்தது. காலை எடுத்தது மனத்தில் மட்டும்தான். கால் அசையவே இல்லை.

கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டீரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். வேன் சாலையோரப் புல்லில் ஏறிக் குலுங்கி நின்றது. லோரியின் பின்பக்கம் கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது.

"ஆண்டி, இங்க யாரும் எறங்க மாட்டாங்களே, ஏன் நிப்பாட்டுனீங்க?" என்று முன் இருக்கையில் இருந்த முதலாம் ஆண்டுச் சிறுமி கேட்டாள்.

ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. அதை இன்றைக்கும் நூறு தடவை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். 

என் பெயர் ரெஜினா. அப்போது வயது முப்பத்தெட்டு. ஒன்பது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் அந்தோணி செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பகுதியில் வேலை செய்கிறார். ஒரே மகள் ஷெரின், இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கிறாள். எனக்கு வந்த நோயின் பெயரை எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் கேள்விப்பட்டதில்லை, சர்ச்சிலும் கேள்விப்பட்டதில்லை. தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று ஷெரின் கைப்பேசியில் தேடித் தேடி அலுத்துப்போனாள். அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அந்தோணியும் அவருடைய தம்பியும் வந்து பிள்ளைகளை வீடுகளில் விட்டார்கள். என்னை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாதமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த இளம் டாக்டர், "இதுக்கு முந்தி கண்ணுல ஏதாச்சும் பிரச்சன வந்துச்சா?" என்று மலாயில் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது கண்ணில் பார்வை மூன்று வாரம் புகை மூட்டம் போல மங்கிக் கிடந்தது. கண்ணை உருட்டினால் வலித்தது. கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தானாகவே தெளிந்தது. நானும் மறந்துவிட்டேன்.

"குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குமா?"

தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் இருக்கும். கழுத்தைக் கீழே வளைத்தால் முதுகெலும்பு வழியாகக் கால்வரைக்கும் ஒரு மின்சாரம் ஓடும். தண்ணீர் சூடாக்கும் பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்து, அந்தோணியிடம் சொல்லி ஒயரைக்கூட மாற்ற வைத்திருந்தேன். ஒயர் கெட்டுப்போயிருந்தது சுவரில் அல்ல, எனக்குள்.

அங்கிருந்து என்னைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தேன். எம்.ஆர்.ஐ. என்பது ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து எடுக்கும் படம். காதுக்குப் பக்கத்தில் யாரோ தகரத்தைச் சுத்தியலால் அடிப்பது போல முக்கால் மணி நேரம் சத்தம். அதற்கடுத்து முதுகில் ஊசி. என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முதுகெலும்பின் இடுக்கில் மெல்லிய ஊசியை விட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்தார்கள். வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அதற்கப்புறம் இரண்டு நாள் தலையைத் தூக்கினாலே மண்டை பிளந்தது.

ஆறாம் நாள் காலையில் நரம்பியல் டாக்டர் என் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. சீனப் பெண்மணி, மெதுவாகப் பேசுவார்.

"மல்ட்டிப்பல் ஸ்கிளிரோசிஸ்," என்றார்.

பிறகு எளிமையாக விளக்கினார். நரம்பு ஒயர் மாதிரி. ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் காவல் படை, ஆள் மாறிப்போய் அந்த உறையைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் தழும்பு விழுகிறது. அந்த வழியாகப் போக வேண்டிய செய்தி தாமதமாகப் போகும், சில சமயம் போகவே போகாது. பிரேக்கை மிதி என்று மூளை சொன்னது காலுக்குப் போய்ச் சேராதது அப்படித்தான். இது தொற்றாது. நான் செய்த தப்பு எதுவும் இல்லை. முழுதாகக் குணப்படுத்த மருந்து இன்னும் இல்லை. திரும்பத் திரும்பத் தாக்குவதைக் குறைக்க மருந்து உண்டு.

அந்தோணி கையில் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இருந்தது. எனக்காக வாங்கி வந்தது. டாக்டர் போன பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். எண்ணெய் கசிந்து சட்டையில் ஒழுகியது. அவர் கவனிக்கவில்லை.

வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். வாயெல்லாம் இரும்பைச் சப்பியது போல இருந்தது. முகம் சிவந்து உப்பியது. தூக்கம் போய்விட்டது. ஆனால் நாலாம் நாள் வலது கால் விரல் என் சொல்லைக் கேட்டு அசைந்தது. கம்பு ஊன்றி, நானே நடந்துதான் வார்டை விட்டு வெளியே வந்தேன். தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். வீட்டுக்குப் போகும்போது நான் நடந்துதான் போனேன்.

வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. கட்டில் முன் அறைக்கு வந்திருந்தது. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கமலாக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் பிரசாதத்தோடு சாப்பாடும் கொண்டுவந்தார். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் தட்டை ஷெரின் கழுவினாள். என் துணியை அந்தோணி மடித்தார். தண்ணீர் குடிக்க நான் எழுந்தால்கூட, "உக்காரு ரெஜி, நான் எடுத்தாரேன்" என்று ஓடிவருவார். கழிப்பறைக்கு என்னைத் தூக்கிக்கொண்டே போவார். ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் வெந்துவிட்டு வந்த மனிதர்.

நானும் ஒத்துக்கொண்டேன், பயத்தினால். இன்னொரு காரணமும் உண்டு. இந்த நோயில் வரும் களைப்பு சாதாரணக் களைப்பு அல்ல. தலை சீவி முடித்தால் கை இரும்பாகிவிடும். இவ்வளவு களைத்திருக்கும் உடம்பை அசைக்கக் கூடாது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நான்கு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் படம் எடுத்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார் அந்தோணி. டாக்டர் என் கால் கட்டை விரலைப் பிடித்து மேலே தூக்கச் சொன்னார், முழங்காலை நீட்டச் சொன்னார், தொடையை அளவு நாடாவால் சுற்றிப் பார்த்தார்.

"படத்தில் புதிதாக ஒரு தழும்புகூட இல்லை," என்றார். "மருந்து நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் இங்கிருந்து நடந்துதானே போனீர்கள்? ஏன் இப்போது எழுந்து நிற்க முடியவில்லை?"

"நோய் முத்திடுச்சுன்னு நெனச்சோம் டாக்டர்," என்றேன்.

"இது நோய் செய்தது அல்ல. உட்கார்ந்தே இருந்தது செய்தது."

 இந்த நோயின் பெயரைக் கேட்டபோதுகூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. நோய் என்றால் விதி, உடம்பு, கர்த்தர் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இது? என் தொடைச் சதையை என் வீட்டு அன்பு கரைத்திருக்கிறது.

திரும்பி வரும்போது அந்தோணிதான் ஓட்டினார். சுங்கை பூலோ தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தினார். கொளுத்தும் வெயில். ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே, "நாந்தான் உன்ன உக்கார வச்சேன்," என்றார். நான் என்ன சொல்வது? இல்லை என்று சொல்ல வேண்டும்.  அன்று அதைச் சொல்லாமல் விட்டதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

டாக்டர் எழுதிக்கொடுத்தது உடற்பயிற்சி சிகிச்சை. வாரம் இரண்டு நாள், கோல சிலாங்கூர் பக்கமே. பயிற்சி கொடுப்பவர் சுகந்தி, சுங்கை சோவிலிருந்து வரும் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். முதல் நாள் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்.

"அக்கா, கைய நெஞ்சுல கட்டிக்கிங்க. எழுந்து நில்லுங்க. ஒக்காருங்க. அஞ்சு தடவ. அவ்ளோதான்."

ஒரு தடவைகூட முடியவில்லை. முப்பது கிலோ அரிசி மூட்டையை வேனிலிருந்து இறக்கியவள் நான். நாற்காலியிலிருந்து என் உடம்பை என்னால் தூக்க முடியவில்லை. அழுதேன். சுகந்தி என்னை அழ விட்டார். அழுது முடித்ததும் எனக்கு அடியில் நாற்காலி மேல் தடித்த மெத்தை ஒன்றைச் சொருகி உயரமாக்கினார். "இப்ப பாப்போம் லா," என்றார். ஒரு தடவை எழுந்தேன்.

"இத செஞ்சா நோய் போயிருமா?" என்று கேட்டேன்.

"போகாதுக்கா. பொய் சொல்ல மாட்டேன். கடிச்ச ஒயர இது ஒட்ட வைக்காது. ஆனா ஒயர் பழுதான வீட்டுல, இருக்கிற பல்பாவது நல்லா எரியணும்ல? தசை பலமா இருந்தா, வர்ற கொஞ்ச செய்திய வச்சே கால் வேல செய்யும். விறைப்பு கொறையும். களைப்பும் கொறையும், நம்ப மாட்டீங்க."

நம்பவில்லைதான். களைத்தவளுக்கு வேலை கொடுத்தால் களைப்பு எப்படிக் குறையும்? ஆனால் மூன்றாம் வாரம் தட்டை நானே கழுவினேன், கழுவிய பிறகு படுக்கத் தோன்றவில்லை. சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது, துண்டால் பாதத்தை இழுத்துக் கெண்டைக்காலை நீட்டுவது, மிதிவண்டி போல ஓரிடத்திலேயே மிதிப்பது, அதற்கு எதிரில் ஒரு பெரிய மின்சாரக் காற்றாடி. ஆறாம் வாரம் மெத்தை இல்லாத நாற்காலியில் ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தேன்.

அந்த மகிழ்ச்சியில்தான் மடத்தனம் செய்தேன். ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, வீட்டில் யாரும் இல்லாதபோது, கம்பை எடுத்துக்கொண்டு தாமானுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் நடக்கப் போனேன். மழை விட்ட வெயில், புழுக்கம். இருநூறு அடி போயிருப்பேன். இடது கண்ணில் மரங்கள் கரைய ஆரம்பித்தன. பச்சை சாம்பலானது, சாம்பல் கறுப்பானது. கால் இரண்டும் துணியாகிவிட்டன. அப்படியே கால்வாய் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். நானே என் கண்ணைக் குத்திக்கொண்டேன் என்று நினைத்தேன்.

வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்த அந்தோணிதான் என்னைக் கண்டார். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். முன் அறையில் படுக்க வைத்து, சுகந்திக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார்.

"ஒங்க பயிற்சியால எம் பொண்டாட்டிக்குக் கண்ணு போச்சு! நல்லாத்தானே ஒக்காந்திருந்தா! யாரக் கேட்டு நடக்கச் சொன்னீங்க?"

சுகந்தியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. பதறாத குரல். "அண்ணே, அப்புறமா திட்டுங்க. மொதல்ல காத்தாடியப் போடுங்க. ஈரத்துணி கழுத்துல, அக்குள்ல வைங்க. குளுந்த தண்ணி குடிக்கக் குடுங்க. அக்கா, பேச்சு தெளிவா வருதா? சரி. எத்தன மணிக்கு நடந்தீங்க?"

"நாலு."

"வெயில்லயா?"

"ம்."

"உடம்பு சூடானா, பழுதான ஒயர்ல செய்தி இன்னும் மெதுவாத்தான் போகும். பழைய பழுதுதான் வெளிய தெரியுது, புதுசா ஒண்ணும் கடிக்கல. சூடு எறங்குனா கண்ணு வரும். ஒரு மணி நேரம் பாருங்க. வரலன்னா நேரா ஆஸ்பித்திரி. முழுசா தெளியாம நாளைக்கு வரைக்கும் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் ஆஸ்பித்திரி."

அந்தோணி போனை வைக்கவில்லை. சுகந்தியும் வைக்கவில்லை.  முக்கால் மணி நேரம் கழித்து எதிர்ச் சுவரில் இருந்த நாட்காட்டியின் சிவப்புத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எண்களும் தெரிந்தன. "பதினேழு," என்று வாசித்தேன். அந்தோணி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

பார்வை வந்தது, ஆனால் அவருக்குப் பயம் போகவில்லை. இனிமேல் பயிற்சி வேண்டாம் என்றார். இரண்டு வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த இரண்டு வாரத்தில், நாற்காலியிலிருந்து எழுந்தால் மூன்றாவது தடவையோடு என் முழங்கால் நடுங்கி நின்றுவிடுவதைப் பார்த்தேன். அன்றைக்கு அவரை எதிரில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"நான் விழுந்துருவேன்னு பயமா?"

"பின்ன? நான் ஆலைல இருக்கறப்ப நீ விழுந்தா? யாரு தூக்குவா? சொல்லு."

இந்தக் கேள்வியைப் போனில் சுகந்தியிடம் அப்படியே கேட்டேன். அவர் அந்தோணியையும் ஒரு தடவை உள்ளே வரச் சொன்னார்; கேள்வி தன்னுடையது என்பதால் அந்தோணியும் வந்தார். சுகந்தி தரையில் பாய் விரித்து, "அக்கா, படுங்க. அண்ணே, நீங்க அந்த பெஞ்சுல. எந்திரிச்சு வந்தீங்கன்னா வெளிய அனுப்பிருவேன்," என்றார்.

விழுந்தால் எப்படி எழுவது என்பதற்கும் ஒரு பயிற்சி உண்டு என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. முதலில் அசையாமல் கிடந்து, எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒருக்களிக்க வேண்டும். முழங்கையை ஊன்றித் தவழும் நிலைக்கு வர வேண்டும். பக்கத்தில் இருக்கும் உறுதியான நாற்காலிவரை தவழ வேண்டும். இரண்டு கையும் அதன் மேல். பலமான கால் முன்னால், பிறகு தள்ளி எழ வேண்டும்.

ஒருக்களிக்கவே மூன்று முறை முயன்றேன். தவழும்போது வலது முழங்கால் பின்தங்கி இழுபட்டது. மூக்கிலிருந்து வேர்வை பாயில் சொட்டியது. நாற்காலியைப் பிடித்து, இடது காலை முன்னால் வைத்து, தள்ளினேன். மறுபடி கீழே உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சில் அந்தோணி தேம்புவது கேட்டது. சுகந்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு தடவை தள்ளினேன். எழுந்தேன். உடம்பைத் திருப்பி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

அந்தோணி என்னை உற்றுப் பார்த்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "இவ்ளோ நேரமா தூக்காம இருந்தேனா நான்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு பயிற்சி ஒழுங்காக நடந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் காலை ஏழு மணிக்கு, காற்றாடி எதிரில், கழுத்தில் ஈரத்துண்டு, களைக்கும் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். வேனை அந்தோணியின் தம்பி மனைவி ஓட்டுகிறாள். நான் இனி ஓட்ட மாட்டேன். அந்த முடிவை யாரும் என்மேல் திணிக்கவில்லை, நானே எடுத்தேன். வீட்டுச் சமையல் முக்கால்வாசி என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கம்போடு நடந்து போகிறேன். பழைய ரெஜினாவாக ஆகிவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

போன மழைக்காலத்தில் நோய் மறுபடி தாக்கியது. ஒரு காலையில் இடது கையால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. மறுநாள் இடது காலும் போனது, என்னுடைய நல்ல கால். இந்த முறை சூடு இல்லை, வெயில் இல்லை, இருபத்துநாலு மணி நேரம் கழித்தும் திரும்பவில்லை. படத்தில் புதுத் தழும்பு இருந்தது. மறுபடி அதே மருத்துவமனை, அதே இரும்புச் சுவை. ஒரு வருடத்துக்கு மேல் சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஒரே இரவில் யாரோ அள்ளிக்கொண்டு போனது போல இருந்தது. இரண்டு நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தேன். என்ன செய்தும் வரும் என்றால் எதற்காகச் செய்வது? 

மூன்றாம் நாள், மருந்து ஏறி முடிந்த பிறகு அந்தோணி வந்தார். வார்டு டாக்டரிடம் எதையோ கேட்டார். அவர் தலையாட்டினார். அந்தோணி பார்வையாளர் நாற்காலியை இழுத்து வந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். என்னை அணைத்து அதில் உட்கார வைத்தார். பிறகு இரண்டடி தள்ளி நின்றார்.

"எந்திரி ரெஜி," என்றார்.

நான் அவரையே பார்த்தேன். தண்ணீர் குடிக்கக்கூட என்னை எழுந்திருக்க விடாத மனிதர்.

"முடியாதுங்க."

"முடியாதுன்னு எனக்கும் தெரியும். எந்திரி."

எதிர்க் கட்டிலில் இருந்த மலாய்க்காரப் பாட்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நான் கைகளை நாற்காலிப் பிடியில் ஊன்றினேன். கால் இரண்டும் நடுங்கின. பாதி எழுந்து, ஒரு நொடி நின்று, தொப்பென்று விழுந்தேன்.

"ஒண்ணு," என்றார்.

நான் அவரைத் திட்டினேன். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி எழுந்தேன். இந்த முறை கொஞ்சம் நிமிர்ந்தேன். அவர் கையை நீட்டி, பிறகு பின்னால் இழுத்துக்கொண்டார். கிட்டே வரவில்லை.

"ரெண்டு," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும், இன்னைக்கு ரெண்டு போதும்," என்று சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.